நாத்திகர் உரையும் சைவர் செவியும்

சிவமயம்

சைவப் பாடசாலைகளில் ஆசிரியத் தொண்டு புரியும் அன்பர்களே!

கடவுள் உண்டு என்பாரும் இல்லை என்பாரும் இவ்வுலகில் என்றும் உடனுறைந்தே வந்திருக்கின்றனர். நம் மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு லயத்தின் ஒரே காம்பராவிற்குள் அவ்விருவரையும் காணலாம். மூத்தவன் மாரியம்மன் திருவிழாவிற்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கின்றான். இளையவன் ஹற்றன் நகரத்துக் கடையில் வேலை பார்த்துத் திரும்பியவன். திருவிழாச் செலவெல்லாம் வீண் என்று சொல்லித் திண்ணையில் அமர்ந்திருக்கின்றான். தாயானவள் இருவர்க்கும் ஒரே பானையிலிருந்து சோறிடுகின்றாள். ஆகலின் கொள்கை வேற்றுமை நமக்குப் புதியதன்று. அவ்வேற்றுமையுடையார் ஒருவர் கொள்கையை மற்றொருவர் எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருளாகும்.

முதற்கண் உள்ளதை உள்ளவாறு நோக்குவோம். கடவுளை நம்புவோனிடம் சென்று, “அயல்வீட்டான் ஏன் கடவுளை மறுக்கின்றான்?” என்று வினவினால் அவன் கூறும் விடை யாது? “அவனுக்குச் செருக்கு மிகுதி, தீயோர் சேர்க்கை, முன்வினைப் பயன், நாலெழுத்துப் படித்ததனால் வந்த தலைக்கனம்” என்பன போல்வன. நம்பாதோனிடம் சென்று, “அவன் ஏன் நம்புகின்றான்?” என்று வினவினால் அவன் கூறும் விடை யாது? “அச்சம், அறியாமை, பழக்கதோஷம், பூசகர் செய்த ஏமாற்று” என்பன. இவ்விரு விடைகளும் ஒன்றற்கொன்று மாறுபட்டன போலத் தோன்றினும், உற்று நோக்குவார்க்கு ஒரே அச்சில் வார்க்கப்பட்டனவாகவே தோன்றும். என்னை? இருவரும் எதிரியானவன் “யாது கூறுகின்றான்” என்று கேட்டாரல்லர். “ஏன் அவ்வாறு கூறுகின்றான்” என்பதற்கே காரணங் கற்பித்தனர். கொள்கையை ஆராயவேண்டிய இடத்தில் கொள்கையுடையானுக்கு நோய் நாடினர்.

ஆசிரியராகிய நாம் வகுப்பில் ஒரு மாணவன் செய்த கணக்கைத் திருத்துங்கால் அவன் தந்தை யாவர், அவன் காலையில் உண்டு வந்தானா என்பவற்றைக் கொண்டா சரி பிழை தீர்மானிக்கின்றோம்? கணக்கின் படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்ன இடத்தில் வழுவினாய் என்று காட்டுகின்றோம். திருவள்ளுவனாரும் அறிவுடைமையை விளக்குமிடத்து, சொல்வோர் யாவராயினும் சொல்லப்பட்ட பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவென வரையறுத்தார். இந்நெறி கணக்கிற்குச் சாலும், கடவுட்கொள்கைக்குச் சாலாது என்று ஒருவர் கூறுவாராயின், அவர் தம் கொள்கையின் உறுதியில் தாமே ஐயுறுகின்றார் என்பதே பொருளாகும்.

இனி, இவ்வாறு எதிரியின் கூற்றுக்குச் செவி கொடுத்தல் சைவத்திற்கு அயலான புதுமையோ எனின், அன்று. நம் சாத்திரத்தின் நடுவிலேயே அஃது அமைந்து கிடக்கின்றது. அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இருபகுதியினது. தம் மதத்தை நிறுவும் சுபக்கத்திற்கு முன்னே பிறர் மதங்களைக் கூறும் பரபக்கத்தை ஆசிரியர் வைத்தார். அப்பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தினர் வருகின்றனர். அவருள் முதலிடம் பெற்றவன் உலகாயதன், அஃதாவது காட்சியே அளவை, பூதங்களின் கூட்டமே உலகம், கடவுளும் வினையும் மறுபிறப்பும் இல்லை என்பவன். இக்காலத்தார் நாத்திகன் என வழங்குபவன் அவனே.

அவனை ஆசிரியர் எவ்வாறு நடத்துகின்றார் என்பதே நாம் ஓர்ந்து கற்கவேண்டிய பாடம். மறுதலையை உடனே தொடங்கினாரல்லர். முதலில் அவன் மதத்தை அவன் கூற்றாகவே, அவனுக்குரிய மிடுக்கும் எள்ளலும் குன்றாமல், செய்யுள் செய்யுளாக எடுத்தோதுகின்றார். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தனித்தனியே சிவப்பல்லவாயினும் கூடியவழிச் சிவப்புத் தோன்றுமாறு போலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பது உலகாயதர்க்குரிய உவமை. இத்தகைய வலிய வாதங்களை மறைத்துவிட்டு, மெலியனவற்றை மாத்திரம் எதிரியின் வாயில் வைத்து வெல்லுதல் எளிது. அவ்வெளிய வெற்றியைச் சித்தாந்தம் விரும்பவில்லை. எதிரி தன் கூற்றைப் படித்து, “ஆம், யான் கூறுவது இதுவே” என்று ஒப்புக்கொண்ட பின்னரே மறுப்புத் தொடங்குதல் வேண்டும் என்பதே நம் ஆசாரியர் காட்டிய முறைமை.

இவ்வாசிரியரின் வரலாறும் நமக்கு ஒரு பாடம். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்ற முதியவராகிய இவர், இளம்பிள்ளையாகிய மெய்கண்டாரிடம் சென்று ஆணவத்தின் சொரூபம் யாது என்று செருக்கோடு வினவினார் என்றும், மெய்கண்டார் வாய்திறவாது அவரையே மேலுங்கீழும் நோக்கினார் என்றும், ஆணவத்தின் சொரூபம் தாமே என உணர்ந்த பண்டிதர் அக்கணமே அடிபணிந்தார் என்றும் மரபு கூறும். ஆணவம் அங்கே நாத்திகனிடத்தில் நிற்கவில்லை; ஆகமம் முழுதும் கற்ற ஆத்திகப் பண்டிதரிடத்தில் நின்றது. செருக்கினாலேயே கடவுளை மறுக்கின்றான் என்று பிறனைச் சுட்டும் நம் விரல், முதலில் நம் பக்கம் திரும்பவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

“நாத்திகன்” என்னுஞ் சொல்லும் பெரும்பாலும் வசைச் சொல்லாகவே உலகில் வழங்கி வந்தது. வேதத்தை ஒப்பாமை பற்றிச் சமணரும் பௌத்தரும் அப்பெயர் பெற்றனர். கிரேக்க நாட்டில் சோக்கிரதீசர் நகரத்துத் தெய்வங்களை மதியாதவர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டுக் கி.மு. 399இல் நஞ்சுண்டு மாண்டார். உரோமப் பேரரசின் தெய்வங்களை வணங்காமையால் ஆதிக் கிறிஸ்தவர்களே நாத்திகர் எனப் பழிக்கப்பட்டனர். சிமிர்னா நகரத்துக் கண்காணியார் பொலிக்கார்ப்பு அவ்வாறு கூக்குரலிட்ட மக்கள் நடுவே உயிர்நீத்தார். பின்னொரு காலத்தில் அதே கிறிஸ்தவ சமயத்தைப் பரப்ப இந்நாடு வந்தோர் நம் முன்னோரை “அஞ்ஞானிகள்” என்றழைத்தனர். எனவே இவ்வசைச் சொல் ஒருவர் முதுகிலிருந்து மற்றொருவர் முதுகிற்கு மாறிச் சென்றதேயன்றி, எவ்விடத்தும் ஓர் உண்மையை நிலைநாட்டியதில்லை.

யான் இளமையிற் கல்வி கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே இருவகை ஆசிரியர்களைக் கண்டேன். ஒருவர், தோட்டத்து எல்லையில் நாம் வணங்கும் கல்லைப் பேய் என்றும், அதனை வணங்கும் தாய்மார் இருளில் இருக்கின்றனர் என்றும் வகுப்பிற் கூறுவார். அவர் பாடத்தில் யான் பெற்ற மதிப்பெண்கள் உயர்ந்தன, நெஞ்சமோ மூடிக்கொண்டது. மற்றொருவரும் கிறிஸ்தவரே. அவர் ஒருநாள் என்னையழைத்து, “உங்கள் வீட்டில் சிவலிங்கத்தைப் பற்றி எவ்வாறு சொல்லுவார்கள்?” என்று கேட்டார். யான் அறிந்த சிறிதளவை உளறினேன். இடைமறியாது கேட்டு, “நீ சொன்னது இதுதானே?” என்று தம் சொல்லால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, பின்னரே தம் சமயத்தின் மாறுபாட்டை எடுத்துரைத்தார். அவர் கொள்கையை யான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் கிறிஸ்தவ சமயத்தை இன்றளவும் மதித்தற்கு அவரே காரணர். சைவத்தை ஊன்றிக் கற்கவேண்டுமென்ற வேட்கையை முதலில் எழுப்பியவரும் அவரே. ஏனெனில் அவர் வினவிய பின்னரே என் அறிவின் குறைவு எனக்குப் புலனாயிற்று.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் பெருமானும் (1822–1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திற் பாதிரிமாருக்கு விடையிறுத்தபோது, அவர்தம் நூலை அவரினும் நுணுகிக் கற்றவராகவே விடையிறுத்தார். அப்பாடசாலையின் வழிவந்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் 1928 முதலாகத் தாவரவியல் கற்பித்தவர் கேரளத்து ஆபிரகாம் கோவூர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மார்த்தோமா திருச்சபைக் குருவின் மகனாய்ப் பிறந்த அவர் பின்னாளில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுவார்க்கு ஓரிலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் மறையுமளவும் அப்பரிசை ஒருவரும் வென்றாரல்லர்.

கோவூரின் செயல் சைவத்திற்கு இழுக்கோ? சிறிதுமன்று. காற்றில் திருநீறு வரவழைத்தலும், பேயோட்டுவதாகக் கூறி ஏழைத் தொழிலாளியின் சம்பளத்தைப் பறித்தலும் சைவமல்ல. சித்திகளை வீடுபேற்றுக்கு இடையூறென விலக்கிய நெறி நம் நெறி. நாம் செய்யத் தவறிய துப்புரவுப் பணியை ஒரு நாத்திகர் செய்தாரெனின், அவர்க்கு நன்றி கூறுதலே நேர்மை. ஆயினும் போலிகளை வெளிப்படுத்தியமையால் மெய்ப்பொருளே இல்லையென முடித்தல் ஏலாது. கள்ள நாணயத்தைக் கண்டுபிடித்தவன் நாணயமே இல்லையென நிறுவியவனாகான். இவ்விரண்டனையும் ஒருங்கே சொல்லுதலே நடுவுநிலைமை.

இனித் தமிழுலகில் இவ்வழக்கு எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். ஈ.வெ.ராமசாமிப் பெரியார் 1925இல் “குடியரசு” இதழைத் தொடங்கிச் சுயமரியாதை இயக்கத்தைப் பரப்பினார். அவர் மறுப்புக்கு மூலம் தருக்க நூலன்று. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருவிலேயே நடத்தலாகாதென விலக்கப்பட்ட மக்களின் துயரும், சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிள்ளைகளுக்குள்ளே உண்ணுமிடம் வேறுபடுத்தப்பட்ட செய்தியுமே அவர் சினத்திற்கு நெய் வார்த்தன. 1932 ஒக்டோபரில் ஐரோப்பாவினின்று மீளும் வழியிற் கொழும்பிலும் அவர் சொற்பொழிவாற்றினார். பின்னர் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தார் அக்கொள்கைகளை இந்நாட்டிற் பரப்பினர். 1962இல் அக்கழகம் தடைசெய்யப்பட்டது.

இவ்வியக்கத்தாரின் சொற்கள் சைவர் நெஞ்சைப் புண்படுத்தின என்பது மெய்யே. 1928ஆம் ஆண்டளவில் மறைமலையடிகளுக்கும் சுயமரியாதை இயக்கத்தார்க்கும் மூண்ட பூசலில் இருபாலும் கடுஞ்சொற்கள் பெருகின. ஆனாற் பத்தாண்டு கழியுமுன், கட்டாய இந்தியை எதிர்த்த கிளர்ச்சியில் அடிகளும் பெரியாரும் ஓரணியில் நின்றனர். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டிற் பெரியாரோடு மாறுபட்ட தலைவராகிய திரு.வி.கலியாணசுந்தரனாரோ, சைவம் வழுவாதவராய் வாழ்ந்தும் அவரோடு கொண்ட நட்பை விட்டாரல்லர். பிற்காலத்தில் குன்றக்குடி அடிகளார், பெரியாரின் கொள்கையை மேடைதோறும் மறுத்துக்கொண்டே அவர்தம் நண்பராயினார். குன்றக்குடித் திருமடத்தில் தமக்கு அளிக்கப்பெற்ற திருநீற்றைப் பெரியார் மறுக்காது ஏற்றுக்கொண்டார் என்பது தமிழ்மக்கள் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. இதனால் அவர் ஆத்திகரானார் என்று அடிகளார் பறைசாற்றவில்லை. தம் கொள்கை தளர்ந்ததென்று பெரியாரும் கருதவில்லை. ஒருவர் பண்பை மற்றொருவர் மதித்தனர். கொள்கை வேற்றுமை வேற்றுமையாகவே நின்றது.

அந்நாத்திகர் உரையினின்று சைவர் கேட்கவேண்டிய ஒரு சொல் உண்டு. “உங்கள் கடவுள் எல்லார்க்கும் தந்தையாயின், அவர் வாயிலில் ஏன் சிலரை நிறுத்தினீர்?” என்பதே அது. திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் வைத்து வணங்கும் நாம், 1968இல் மாவிட்டபுரத்திற் கோயிற்கதவு திறக்குமாறு மக்கள் போராடவேண்டிய நிலையையும் கண்டோம். இவ்வினாவைக் கேட்டவன் நாத்திகன் என்பது விடையாகாது. வினா பழுதற்றது, பழுது நம்மிடத்தது.

அவ்வாறே நாத்திகர் கேட்கவேண்டிய சொல்லொன்று இம்மலைநாட்டில் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தருகே ரோதைமுனிக்குக் கர்ப்பூரம் ஏற்றும் தொழிலாளியையும், கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கத்தியை வைத்து வணங்குவோனையும் கண்டு நகைப்பது அவர்க்கு எளிது. நகைக்குமுன் அவ்வழிபாடு பிறந்த கதையைக் கேட்கட்டும். கடந்த 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர்க்குமாகக் கொணரப்பட்ட நம் முன்னோர், மன்னார்க் கரையினின்று மாத்தளை நோக்கிக் காடு வழியே கால்நடையாக வந்தனர். வாந்திபேதியால் வழியில் வீழ்ந்தோர் பலர். எஞ்சினோர்க்குக் கூலியும் அரிசியும் கம்பளியும் துரையின் கணக்கேட்டிற் கடனாகவே எழுதப்பட்டன. அவர் இருந்த காம்பரா அவர்க்குரியதன்று. நின்ற நிலமும் உரியதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடும் உரியதன்றாயிற்று. மரத்தடியில் ஒரு கல்லை நாட்டி மாரியம்மன் என்றழைத்தனரே, அஃதொன்றே எவர் கணக்கேட்டிலும் ஏறாத, அவர்தமக்கே உரிய பொருளாயிருந்தது. தொழிற்சங்கம் தோன்றாத நாளில் அவர்கள் ஒருங்கு கூடி நின்ற இடமும் அக்கல்லின் முன்றிலே. இதனை அச்சம், அறியாமை என்ற இரு சொற்களால் அளந்துவிட முடியுமா?

மற்றொன்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதனாற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் துறந்தார். அப்போராட்டத்திற்குத் துணைநின்ற தலைவர்கள் 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியினர், மார்க்சியக் கொள்கையினர். அத்தொழிலாளரோ காலந்தோறும் அம்மனுக்கு விழாவெடுத்து வந்த மக்கள். உமக்குக் கடவுள் உண்டா என்று அவர் இவரைக் கேட்டிலர். கடவுளை விட்டு வாரும் என்று இவர் அவரை அழைத்திலர். கூலி உயர்வு என்னும் அறத்தின்கண் இருவரும் ஒன்றுபட்டனர். இவ்வுண்மை பாடநூல்களில் இடம்பெறாவிடினும் ஆசிரியர் மறத்தலாகாது.

இங்கே ஒரு தடை எழலாம். “நாத்திக வாதத்தை மாணவர்க்கு உள்ளவாறே எடுத்துரைத்தால் அவர்தம் பக்தி குலையாதோ? நெருப்பைக் கூரையில் வைப்பதாகாதோ?” என்று அன்பர் சிலர் வினவுவர். அற்றன்று. அவ்வாதங்கள் மாணவர் செவிக்கு முன்னரே எட்டிவிட்டன. கையடக்கத் தொலைபேசியிலும் தேநீர்க் கடையிலும் அவன் கேளாத நாத்திகம் இல்லை. அவன் கேளாதது ஒன்றே, அதற்குச் சைவன் அமைதியாகக் கூறும் விடை. நாம் வாய்மூடி இருப்பின், விடை இல்லாமையினாலேயே வாய்மூடினர் என்று அவன் கருதுவான். அடித்து அடக்கினாலோ ஐயமின்றி அவ்வாறே கருதுவான்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிற் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆங்கிருந்த கோயிலும் மண்ணுள் மறைந்தது. ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நாள்தோறும் விளக்கேற்றிய தாயும் விளக்கேற்றிய கோயிலும் ஒருங்கே புதைந்தனவே, கடவுள் எங்கே?” என்று கேட்பானாயின் நாம் யாது கூறுவோம்? “எல்லாம் முன்வினை” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உளர். வினைக்கொள்கை நம் சாத்திரத்தின் அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது தன்னைத்தான் ஆராய்ந்து திருத்திக்கொள்வதற்கு அமைந்த விளக்கு. பிறர் பிணத்தின்மேல் எறிதற்கு அமைந்த கல்லன்று. மேலும் அந்நிலம் ஆபத்தானதென்றும் மக்களை அகற்றவேண்டுமென்றும் 2005இலும் 2011இலும் உரிய நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை செயலாகவில்லை. இங்கே நாத்திகன், “இது கடவுள் செயலன்று, மனிதர் கடமை தவறியது” என்பானாயின், அவன் கூற்றை நாம் முழுமனத்தோடு ஏற்றல் வேண்டும். மனிதர் செய்த புறக்கணிப்பை வினையின் தலையிற் கட்டுதல் சைவமாகாது.

அதேபோழ்து, மகளை இழந்து அழும் தாயிடம் சென்று, “உன் அம்மன் காப்பாற்றவில்லையே” என்று வாதம் வெல்லுவோனும் அறிவுடையோனாகான். அவள் அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் விளக்கேற்றுவாளாயின், அஃது ஒரு கொடுக்கல் வாங்கற் கணக்கு முறிந்தமை அறியாததனால் அன்று. அன்பு பயன் நோக்காது நிற்கும் என்பதை அவள் நூலிற் படிக்கவில்லை, வாழ்ந்து காட்டுகின்றாள். நாத்திகன் அவள் கொள்கையை ஏற்கவேண்டா. அஃது யாதென்பதை அறிந்தபின் பேசட்டும்.

இனி, சித்தாந்த நோக்கில் நாத்திகனுக்கு இடமுண்டோ எனின், உண்டு. இறைவன் செய்யும் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்றாகும். உயிர்களின் மலம் பக்குவமடையுமளவும் தன்னை மறைத்து நிற்பவனும் அவனே. பக்குவமுற்றபோது அருளுபவனும் அவனே. அங்ஙனமாயின், ஒருவனுக்குக் கடவுள் புலப்படாமை கடவுளின் ஆணைக்குப் புறம்பானதொன்றன்று. அவன்மேற் சினங்கொள்ளுதல், இறைவன் தன் தொழிலைத் தன் காலத்தில் நடத்துவதன்மேற் சினங்கொள்ளுதலாய் முடியும். கல்லெறிந்த சாக்கிய நாயனாரைப் பூவெறிந்தாராகவே ஏற்ற பெருமானுக்கு, யாரை எப்பொழுது ஏற்பது என்பதை நாம் கற்பிக்க வேண்டுவதில்லை.

எனினும் இவ்விடத்திற் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். “நீ இன்னும் பக்குவப்படாதவன்” என்று நாத்திகன் முகத்துக்கு நேரே கூறுவோமாயின், முன்னர்க் கூறிய குற்றத்திற்கே மீண்டும் ஆளாவோம். அவன் உரையை விடுத்து அவனுக்கு நோய் நாடினோமாவோம். “உள்ளத்தில் நீயும் பக்தனே, உனக்குத்தான் தெரியவில்லை” என்று இனிக்கக் கூறுவதும் அதனின் வேறன்று, இல்லையென்று அவன் வாய்திறந்து கூறும் சொல்லை நாம் மதிக்கவில்லை என்பதே அதன் பொருள். மறைத்தல் என்னும் கோட்பாடு நம் சினத்தைத் தணித்தற்கு நாம் அருந்தும் மருந்து. அவன் வாயிற் புகட்டும் மருந்தன்று.

மாறுபட்டும் பகையாமை நம் மக்களுக்கு அரிதன்று. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தை யாவரும் அறிவீர். அக்கதையையொட்டித் தமிழ்நாட்டில் இலாவணி என்றொரு பாட்டுப்போர் வழங்குகின்றது. சிவபெருமானின் நெற்றிக்கண்ணாற் காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மற்றொரு கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பெயரே அவ்வாறு. இருகட்சியினரும் ஒரே மேடையில் அமர்ந்து விடியுமளவும் பாடி மறுப்பர். ஒரு கட்சியார் பாடி முடிக்குங்காறும் மற்றவர் செவிகொடுத்தல் வேண்டும். அன்றேல் விடைப்பாட்டு அமையாது. எழுத்தறியாத பாட்டாளிகள் கண்ட இந்நாகரிகம் கற்ற நமக்குக் கைவரலாகாதோ?

ஆகலின் ஆசிரிய அன்பர்களுக்கு யான் விண்ணப்பித்துக்கொள்வன இவை.

ஒன்று: சமயபாட வகுப்பில் ஒரு மாணவன் கடவுளை மறுத்து வினா எழுப்பினால், அவன் முடிக்குமளவும் இடைமறியாது கேளுங்கள். பின்னர் அவன் கூற்றை உங்கள் சொல்லால் எடுத்துரைத்து, “நீ கூறியது இதுவோ?” என்று கேளுங்கள். அவன் ஆம் என்றபின்னரே விடை தொடங்குங்கள்.

இரண்டு: அறிந்ததற்கு விடை கூறுங்கள், அறியாததற்கு, “ஆராய்ந்து வருவேன்” என்று கூறி, அவ்வாறே ஆராய்ந்து வாருங்கள். மறவாது திரும்பி வந்து விடை கூறும் ஆசிரியனைவிடச் சைவத்திற்குச் சிறந்த சான்று மாணவன் காணான்.

மூன்று: திருநீற்றையும் தேவாரத்தையும் தண்டனைக் கருவியாக்காதீர்கள். பிரம்புக்கு அஞ்சிப் பூசிய நீறு நெற்றியில் நிற்குமேயன்றி நெஞ்சிற் புகாது.

நான்கு: உயர்வகுப்பு மாணவரை இருகட்சியாகப் பிரித்து வழக்காடச் செய்யுங்கள். அடுத்த வாரம் கட்சிகளை மாற்றிவிடுங்கள். கடவுள் இல்லையென்று ஒருமுறை திறம்பட வாதித்த மாணவனே, உண்டென்பதன் ஆழத்தையும் அறிவான்.

ஐந்து: நாத்திக இளைஞர் நூலகம் அமைக்கவும், மதுவை ஒழிக்கவும், சரிவுநிலத்து லயங்களை மாற்றவும் முன்வருவாராயின் அவரோடு கைகோத்து நில்லுங்கள். அறஞ்செய்வோன் நெற்றியைப் பார்த்தபின் கைகொடுப்பேன் என்றல் தகாது.

அன்பர்களே! இல்லை என்பான் ஒருவனை உண்டு என்னும்படி மாற்றுதல் நம் வேலையன்று. அது மறைத்தும் அருளியும் நிற்கும் பெருமானின் வேலை. அவன் கூறுவதை வழுவின்றிக் கேட்டலும், நாம் கொண்டதை வழுவின்றிக் கூறலும், இரண்டற்கும் இடையே அன்பு குன்றாமையுமே நம் வேலை. பரபக்கத்தை முதலில் வைத்த ஆசாரியர் மரபில் வந்த நாம், அம்மரபை நம் சிறு பாடசாலைகளிலும் வழுவாது காப்போமாக.

திருச்சிற்றம்பலம்